எட்டுமூலைக் கிணற்று வரிசை

தும்பைமேட்டில் குடங்கள் வரிசையில் வந்து நின்ற வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஏரி இரண்டு தடவை நிரம்பி வழிந்திருந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது, தண்ணீர் லாரி என்ற ஒன்றை ஊரில் பாதிப் பேர் கண்ணால் பார்த்ததில்லை. அப்படியிருக்க, தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வெயில் ஏறும் நேரத்தில், எட்டுமூலைக் கிணற்றுத் திடலைக் கூட்ட வந்த நகராட்சித் தூய்மைப் பணியாளர் ரோஸ்லின், கிணற்றடியில் தொடங்கி வேலி வரைக்கும் நாற்பத்தொரு பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்தாள். பச்சை, நீலம், ஆரஞ்சு, ஒன்றிரண்டு ரோஸ். நடுநடுவே குடத்துக்குப் பதிலாக ஒரு ஒற்றைச் செருப்பு, காது அறுந்த ஒரு கட்டைப்பை, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அரைச் செங்கல், எல்லாம் இடம் பிடித்து வைத்தவை. ரோஸ்லின் ஆச்சரியப்படவில்லை. வரிசையைக் கலைத்தால் எவளாவது சண்டைக்கு வருவாள் என்று அறிந்தவள் ஆகையால், குடங்களைச் சுற்றிப் பதவிசாகக் கூட்டிவிட்டு, திரும்பும் வழியில் நகரமைப்பு அலுவலகத்துக்குள் தலையை நீட்டி, "மேடம், கெணத்தாண்ட லைன் நிக்குது. ஆளுங்கதான் ஒருத்தரையும் காணோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடம் என்றது அம்சவேணியை. அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வரைவாளர். ஊரின் ஒவ்வொரு தெருவையும் சாக்கடையையும் மின்கம்பத்தையும் தன் கையால் காகிதத்தில் கோடாக இழுத்தவள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம், ஏன் வரும் என்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை. பஸ் நிலையத்துக்கு எட்டு ஏக்கர் ஒதுக்குங்கள் என்று அவள் வரைந்து கொடுத்தாள், இரண்டு ஏக்கர் ஒதுக்கினார்கள், இன்றைக்கு பஸ்கள் நடுரோட்டில் நின்று ஆளை இறக்குகின்றன. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பாலத்துக்கு இடம் விடுங்கள் என்றாள், அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்தது, இன்றைக்கு ஆம்புலன்ஸ் கேட்டில் நின்று கத்துகிறது. ஒவ்வொன்றும் அவள் சொன்னபடி நடந்து முடிந்தபிறகு யாராவது ஒருவர் வந்து, "நீங்க அப்பவே சொன்னீங்களே மேடம்!" என்று பாராட்டுவார்கள் பாருங்கள், அப்போதுதான் அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

அவள் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனாள். குடங்களின் கழுத்தில் பேர் எழுதியிருந்தது, எல்லா ஊரிலும் எழுதுகிற மாதிரிதான், சிலது பெயிண்டில், சிலது நகப்பாலீஷில். நூர்ஜகான், சி-1107. கீர்த்தனா, ஏ-302. ஜெஸிந்தா, ஒன்பதாவது குறுக்குத் தெரு. தும்பைமேட்டில் மூன்று மாடிக்கு மேல் கட்டடம் கிடையாது, குறுக்குத் தெரு ஐந்தோடு முடிந்துவிடும். அம்சவேணி அரைச் செங்கலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தாள். இந்தக் குடங்களுக்கு உரியவர்கள் இன்னும் ஊருக்கு வரவில்லை, பாதிப் பேர் பிறந்தே இருக்கமாட்டார்கள், ஆனால் அவர்களுடைய தாகம் முன்னால் வந்து இடம் போட்டுவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

மறுநாள் காலையில் குடம் ஐம்பத்தெட்டு, அதற்கு மறுநாள் எழுபது. ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? ஊர் தன் குடத்தையும் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் வைத்தது. வீட்டுக் குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருகிறவர்கள், மாடியில் இரண்டு தொட்டி வைத்திருக்கிறவர்கள், தோட்டத்தில் போர்வெல் போட்டவர்கள் எல்லாரும் வந்து வைத்தார்கள். எதற்கு வரிசை என்று ஒருவர் கேட்கவில்லை. வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நமக்கும் ஒரு இடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான், அது அந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறிப்போன அறிவு. பிறகு முன்னே பின்னே என்ற சண்டை தொடங்கியது. இருக்கிறவர்களுக்குள் சண்டை தீர்ந்ததும் இல்லாதவர்களோடு தொடங்கியது. மளிகைக்கடை வீட்டு அம்மாள், "யாருடி அந்த நூர்ஜகான்? ஆளே இல்லாம எனக்கு முன்னாடி நிக்கிறாளே!" என்று அந்தப் பச்சைக் குடத்தைக் காலால் தள்ளப்போக, ரோஸ்லின் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி, "கையை வெக்காதக்கா. அந்தப் பொண்ணு என்னிக்கி வருதோ அன்னிக்கி வந்து கேக்கும், அப்ப நீ பதில் சொல்லுவியா?" என்றாள்.

ஒரு மாதத்தில் எல்லாம் வழக்கமாகிவிட்டது. திடலில் சுண்டல் வண்டி வந்தது, குடத்தில் பேர் எழுதித் தருகிறவர் குடை போட்டு உட்கார்ந்தார், பெண் பார்க்க வந்தவர்கள் பெண்வீட்டாரின் குடம் எத்தனாவது என்று விசாரித்தார்கள். டீக்கடை கன்னியப்பன் மட்டும் ஒரு விஷப்பரீட்சை செய்தார். பேர் தெரியாத ஒரு நீலக் குடத்தில் இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் அடியைத் தொடவில்லை. மடக், மடக் என்று யாரோ வாய் எடுக்காமல் குடிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் குடம் காய்ந்து கிடந்தது. கன்னியப்பன் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தவர், அந்தக் குடங்களில் யாரும் தண்ணீர் ஊற்றவேண்டாம், அவர்களுக்கு ஆசை காட்டின மாதிரி ஆகும் என்று எல்லாருக்கும் சொன்னார், ஊரும் அதை ஒரு சாஸ்திரம் போல ஏற்றுக்கொண்டது.

அம்சவேணி தை தொடங்கி மூன்று மாதமும் வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தாள். குடங்களில் இருந்த பேர்களையும் கதவு எண்களையும் எழுதியெடுத்து, இல்லாத தெருக்களைத் தன் பலகையில் இருக்கவேண்டிய இடத்தில் வைத்து, இல்லாத மாடிகளை அடுக்கி, வரப்போகிற ஊரை ஒரு முழுத் தாளில் வரைந்தாள். அலுவலகத்தின் முழுமைத் திட்டம் என்ற தடித்த புத்தகத்தில் இருபது வருஷம் கழித்து தும்பைமேட்டில் முப்பத்தெட்டாயிரம் பேர் இருப்பார்கள் என்று போட்டிருந்தது. போன இருபது வருஷத்தில் எவ்வளவு கூடியதோ அதையே நீட்டி எழுதியிருந்தார்கள், புது ரயில் பாதை வரப்போவதையும் அதன் பின்னால் இரண்டு தொழிற்சாலைகள் வரப்போவதையும் வசதியாக மறந்துவிட்டு. குடங்கள் சொன்ன கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. அத்தனை பேருக்கும் ஊற்றுக்கண் திறந்திருப்பது ஒரே இடத்தில்தான், எட்டுமூலைக் கிணற்றிலும் அதைச் சுற்றியிருக்கிற ஆறு ஏக்கர் திடலிலும். பெய்கிற மழையெல்லாம் அங்கேதான் இறங்குகிறது, ஊரின் எல்லா போர்வெல்லும் அதை நம்பித்தான் இருக்கிறது.

அந்த ஆறு ஏக்கரைத்தான் திறந்தவெளி என்ற வகையிலிருந்து குடியிருப்பு என்ற வகைக்கு மாற்றக் கேட்டு ஒரு கட்டுமானக் கம்பெனியின் கோப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தது. ஏ, பி, சி, டி என்று நாலு கோபுரங்கள், கிணறு இருக்கிற இடத்தில் கார் நிறுத்துமிடம். கம்பெனி ஊரெல்லாம் வைத்த விளம்பரப் பலகையில் 'வற்றாத நிலத்தடி நீர்' என்று போட்டிருந்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. கிணற்றை மூடிவிட்டு அதே கிணற்றைக் காட்டி விற்கிறான், அதைப் படித்துவிட்டு முன்பணம் கட்ட ஓடுகிறார்கள்.

நகரமைப்பு அதிகாரி துரைக்கண்ணு கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாகவேண்டும், கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். சிரித்த முகம், யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார், கடைநிலை ஊழியர் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அந்த மாசிமாதம்தான் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்து, தன் பேரில் பாதியைக் கொடுத்து துரைநிலா என்று பேர் வைத்து, வாசல் கூட்டுகிறவர் வரைக்கும் லட்டு கொடுத்திருந்தார். புதிதாக வருகிற கோபுரத்தில் மகளுக்கு ஒரு வீடும் சொல்லி வைத்திருந்தார், பி பிளாக்கில் ஒன்பதாவது மாடி, நல்ல காற்று வரும் என்று. அம்சவேணி தன் வரைபடத்தை அவர் மேசையில் விரித்தாள்.

"சார், இது வரப்போற ஊரு. கெணறு போச்சுன்னா இத்தனை பேரும் குடத்தைத் தூக்கிட்டு நிப்பாங்க. இப்பவே நிக்கிறாங்க, பாக்குறீங்கல்ல?"

"பாக்குறேன் மேடம். வேலை பிரமாதமா இருக்கு. உங்க கை மாதிரி கை இந்த ஜில்லாவுலயே கெடையாது." அவர் தாளைத் தடவிப் பார்த்தார். "ஆனா இதை நான் மேல எப்படி அனுப்புவேன்? ஆதாரம் என்னன்னு கேப்பாங்க. குடம்னு எழுதவா?"

"பின்ன அந்தப் புத்தகத்துல இருக்கிற முப்பத்தெட்டாயிரத்துக்கு என்ன சார் ஆதாரம்?"

"அது அச்சுல வந்துடுச்சே மேடம்" என்றார் துரைக்கண்ணு, உண்மையான வருத்தத்தோடு. அம்சவேணி தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் நின்று, சுருட்டின அந்தத் தாளாலேயே சுவரை நாலு அடி அடித்தாள்.

சட்டப்படி ஊர் மக்களின் கருத்தைக் கேட்டாகவேண்டும். சித்திரை கடைசியில் அதே திடலில் பந்தல் போட்டு, கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அம்சவேணி ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கி, வந்து ஆட்சேபணை சொல்லுங்கள், உங்கள் பிள்ளைகளின் தண்ணீர், என்று சொல்லியிருந்தாள். கூட்டம் அலைமோதியது, மைக்கைப் பிடிக்கவே ஒரு வரிசை நின்றது. மளிகைக்கடை அம்மாள் எழுந்து, வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் தரவேண்டும் என்றார். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை என்றார். மூன்றாவதாக ஒருவர், ஆள் இல்லாத குடங்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு உள்ளூர்க்காரர்களை முன்னால் விடவேண்டும் என்று சொல்ல, கைதட்டல் பந்தலைத் தூக்கியது. வெயிலுக்குக் கூரை வேண்டும், உட்கார பெஞ்சு வேண்டும், இடையில் புகுகிறவர்களைத் தடுக்க இரும்புக் கம்பி வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். கிணற்றை மூடாதே என்று ஒரு குரல், ஒரே ஒரு குரல்கூட எழவில்லை. வரிசை நிற்காமலிருக்க வழி உண்டு என்பதே அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை, எழுந்து கத்தத் தொடங்கிய அம்சவேணியின் மைக்கையும், அரசு ஊழியர் கருத்துச் சொல்லக்கூடாது என்று பிடுங்கிவிட்டார்கள். அவள் மைக் இல்லாமலே கத்தினாள், சத்தம் சுண்டல் வண்டி வரைக்கும்தான் போனது.

கேட்டதை உடனே நிறைவேற்றினார்கள், அதில் குறை சொல்ல முடியாது. நாற்பது நாளில் கிணற்றடியிலிருந்து தகரக் கூரை எழுந்தது, பளபளக்கிற கம்பி வந்தது, தரைக்கு ஓடு பதித்தார்கள், கவுன்சிலர் தன் படத்தோடு வந்து நாடா வெட்டினார். கோப்பில் 'எதிர்காலத் தேவையை முன்கூட்டியே உணர்ந்து எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வரியைப் படித்தபோது அம்சவேணிக்கு நாக்கு கசந்தது. கூரை இருநூறாவது குடத்தோடு நின்றுவிட்டது, ஏனென்றால் திட்ட மதிப்பீடு போட்ட நாளில் இருநூறு என்று யாரோ எழுதியிருந்தார்கள், அதற்குள் வரிசை ஐந்நூறைத் தாண்டி வேலியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

கோப்பு துரைக்கண்ணுவின் மேசைக்கு வந்துவிட்டது. கிணறும் திடலும் இருக்கவேண்டும் என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், மேலிடத்தில் யாரும் அதைத் தாண்டமாட்டார்கள். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் ஆடிக்குள் மண்லாரி வந்து கிணற்றை நிரப்பிவிடும். அம்சவேணி கம்பெனியின் வரைபடத்தில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்திருந்தாள், அதற்காக அவளை மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றும் உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பத்தரை மணி இருக்கும், ரோஸ்லின் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"மேடம், இன்னிக்கி காலைல வந்த குடம். அறுநூத்திப் பதினாலு. அதுல பேரு... நம்ம சாரு லட்டு குடுத்தாரே, அந்தப் பேரு மேடம்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அம்சவேணிக்கு நம்பிக்கை என்று ஒன்று வந்தது. இப்படியா வரவேண்டும், ஒரு குழந்தையின் குடத்தில் ஏறியா வரவேண்டும் என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் வந்துவிட்டது. அவள் நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள். "சார், எழுந்து வாங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவரும் ஏன் என்று கேட்காமல் எழுந்து வந்தார்.

வரிசையின் கடைசியில், வேலியோரம், கொளுத்துகிற வெயிலில் நின்றது அந்தக் குடம். ரோஸ் நிறம். பெரியவர்கள் தூக்குகிற குடம்கூட இல்லை, அம்மாவோடு கூட வருகிற பிள்ளைக்கென்று வாங்கிக்கொடுக்கிற சின்னக் குடம். கழுத்தில் நகப்பாலீஷில், இப்போதுதான் எழுதப் பழகின கோணல் எழுத்தில், துரைநிலா, பி-904. துரைக்கண்ணு குந்தி உட்கார்ந்தார். விரலால் அந்த எழுத்தைத் தொட்டார். அம்சவேணி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஊர் வைத்த சாஸ்திரத்தை மீறி, குடத்துக்குள் ஊற்றினாள்.

சின்னச் சின்ன மடக்காகக் கேட்டது. நடுவில் ஒரு தடவை புரையேறி நின்று, மறுபடியும் அவசர அவசரமாகக் குடிக்கிற சத்தம் வந்தது.

"ஊத்துங்க மேடம்" என்றார் துரைக்கண்ணு. "நிறுத்தாதீங்க, இன்னும் ஊத்துங்க."

பாட்டில் காலியானது. குடம் காய்ந்திருந்தது. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கக்கூட இல்லை, அந்த அழுகை பொய்யில்லை. அம்சவேணி புடவை இடுப்பில் செருகி வைத்திருந்த பேனாவை எடுத்து நீட்டினாள்.

"ஒரே ஒரு வரி சார். கெணறும் திடலும் அப்படியே இருக்கணும்னு. பாப்பா இங்க வந்து நிக்கவே வேணாம். இவங்க யாருமே நிக்க வேணாம்."

துரைக்கண்ணு பேனாவைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். குடத்தை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நடந்தார். வேலியைச் சுற்றி நடந்தார், ஐந்நூறைத் தாண்டி, நானூறைத் தாண்டி. அலுவலகத்துக்கும் அதுதான் வழி, ஆகவே அம்சவேணி குடத்தோடு அவர் கோப்பிடம் போகிறார் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள். அவர் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை. கூரைக்குள் நுழைந்தார். கம்பியை ஒட்டி நடந்து கிணற்றடிக்குப் போய், எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த அரைச் செங்கலைச் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பேத்தியின் குடத்தை வைத்தார். சரியாக நிற்கிறதா என்று லேசாக அசைத்துப் பார்த்தார்.

"ஃபைல் காலைல பத்து மணிக்கே போயிடுச்சு மேடம்" என்றார். "கையெழுத்து போட்டாச்சு. இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பாப்பாவுக்கு நம்மளால இதையாவது செய்யலாமில்ல?"

பஸ் நிலையம், பாலம், மைக், பீரோவுக்குள் சுருட்டிக் கிடக்கிற அத்தனை தாள்கள், எல்லாம் அம்சவேணிக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன. அங்கே வைத்து அவரை அடித்திருப்பாள், அவளே பிற்பாடு சொன்னாள். அடிக்கவில்லை. குனிந்து அந்த ரோஸ் குடத்தை எடுத்தாள். குழந்தை என்ன பாவம் செய்தது என்று அதை இடுப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். வந்த வழியே நடந்தாள், ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டு, நூர்ஜகானைத் தாண்டி, கீர்த்தனாவைத் தாண்டி, ஜெஸிந்தாவைத் தாண்டி, இன்னும் பிறக்காத அத்தனை பேரையும் தாண்டி, கூரை முடிந்து வெயில் தொடங்கின பிறகும் நடந்து, அறுநூற்றுப் பதினான்காவது இடத்தில், ஒரு ஒற்றைச் செருப்புக்குப் பின்னால், அதை இறக்கி வைத்தாள்.

பிறகு வரிசை முழுவதும் கேட்கும்படி, கிணற்றடி நிழலில் நிற்கிற அதிகாரியைப் பார்த்துக் கத்தினாள்.

"வரிசைல வாங்க சார்!"

ரோஸ்லின் போய் அரைச் செங்கலை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, அது இருந்த இடத்திலேயே வைத்தாள்.